ஜன்னல் சீட் கிடைத்தால் மட்டும் போதுமா? விமானத்திலிருந்து ஊரும் மலையும் தெரிய எந்தப் பக்கம், எந்த வரிசை

விமானத்தில் ஜன்னல் சீட் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஜன்னல் கிடைத்தாலே போதும் என்பார் ஒருவர். இடது பக்கம்தான் எப்போதும் நல்லது, கண்ணை மூடிக்கொண்டு ‘ஏ’ சீட்டைப் போடு என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. தில்லியிலிருந்து காட்மாண்டு போகும்போது இமயமலையை வரிசையாகக் காட்டும் அதே ‘ஏ’ சீட், திரும்பி வரும்போது சமவெளியை மட்டும்தான் காட்டும், மலை முழுக்க எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் போய்விடும். சீட்டில் எந்த மாற்றமும் இல்லை. விமானத்தின் மூக்கு திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

நல்ல சீட் என்பது விமானத்துக்குள் எங்கேயோ நிரந்தரமாக இருக்கிற ஒன்று இல்லை. எந்தத் திசையில் பறக்கிறோம், எந்த நேரத்தில், எந்த வகை விமானத்தில் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. சீட்டுக்கென்று முன்னூறு, ஐந்நூறு ரூபாய் தனியாகக் கட்டுவதற்கு முன்னால் இதை ஐந்து நிமிடம் யோசித்தால், ஒரு மணி நேரம் வெறும் இறக்கையையோ வெறும் வெள்ளை வெளிச்சத்தையோ பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்காது.

முதலில் இடது, வலது

விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ‘ஏ’ எப்போதும் இடது ஓரம். வரிசைக்கு ஆறு சீட் உள்ள ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளில் வலது ஓரம் ‘எஃப்’. வரிசைக்கு ஒன்பது, பத்து சீட் உள்ள பெரிய விமானங்களில் வலது ஓரம் பெரும்பாலும் ‘கே’. வெப் செக்-இன் செய்யும்போது போனில் வரும் சீட் படத்தில் மூக்கு வழக்கமாக மேலே இருக்கும், அதனால் படத்தின் இடது பக்கம்தான் விமானத்தின் இடது பக்கம்.

அடுத்து திசை. போனில் மேப்பைத் திறந்து, புறப்படும் ஊர் கீழேயும் போய்ச் சேரும் ஊர் மேலேயும் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோட்டுக்கு இடது கையில் இருப்பதெல்லாம் ‘ஏ’ பக்கம், வலது கையில் இருப்பதெல்லாம் மறுபக்கம். வடக்கே போனால் இடது கை மேற்கு, தெற்கே போனால் அதே இடது கை கிழக்கு என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, மேப்பைத் திருப்பினால் கண்ணே சொல்லிவிடும்.

விமானங்கள் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை என்பதும் உண்மைதான். உங்கள் விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24 தளத்தில் போட்டால், கடந்த சில நாட்களில் அது போன பாதையே கோடாக வரும். நேர்கோட்டை நம்புவதைவிட அதைப் பார்த்து முடிவு செய்வது மேல். நீண்ட தூர விமானங்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி தட்டையான மேப்பில் வளைவாகத்தான் தெரியும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இதுவரை சொன்னது: ‘ஏ’ இடது. பார்க்க விரும்பும் இடம் பாதைக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னல். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம்.

நேர் கீழே இருப்பது யாருக்கும் தெரியாது

இதுதான் பலர் யோசிக்காத விஷயம். நாலு மாடி வீட்டின் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் தெரியாது. எதிர்வீட்டு வாசலும் அநேகமாகத் தெரியாது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற டீக்கடை நன்றாகத் தெரியும். ஊர்க்கோடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி தெரியும், ஆனால் மங்கலாக.

விமான ஜன்னலிலும் அதேதான் நடக்கிறது. ஜன்னலின் கீழ் விளிம்பும் சுவரின் தடிமனும் கைப்பிடிச் சுவர் மாதிரி நேர் கீழே இருப்பதை மறைக்கின்றன. பெரிய ஜெட் விமானங்கள் சாதாரணமாகப் பறக்கும் 35,000 அடி என்பது சுமார் 10.7 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் கீழே பார்த்தால் கண்ணில் படும் இடம் பாதைக்குப் பக்கவாட்டில் அதே 10.7 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்கும் உள்ளே இருப்பதைப் பார்க்க முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் கழுத்தைத் திருக வேண்டும், பாதைக்கு நேர் கீழே இருப்பது அப்போதும் கிடைக்காது.

மறுபக்கம், எவ்வளவு தூரம் வரை தெரியும்? வானமும் பூமியும் சேர்வதுபோல் தெரியும் கோடுதான் தொடுவானம். 35,000 அடியிலிருந்து அது கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரத்தில் இருக்கிற தரை ஒரு மெல்லிய கீற்றாக நசுங்கி, புகைமூட்டத்துக்குள் கரைந்துபோயிருக்கும். நிம்மதியாக உட்கார்ந்து ரசிக்க ஏற்றது பாதையிலிருந்து சுமார் 15 முதல் 60 கிலோமீட்டர் வரை தள்ளி இருக்கிற நிலம்.

அதனால் “எங்க ஊருக்கு மேலேயே போகுது, கட்டாயம் தெரியும்” என்று நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஊருக்கு நேர் மேலே போனால்தான் தெரியாது. ஊருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் கோபுரம் வரைக்கும் தேடிப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து கொழும்பு: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சென்னையிலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு நேர்கோடு போட்டால் அது ஏறக்குறைய நேர் தெற்கு, கொஞ்சம் மேற்கே சாய்ந்தது. தெற்கே போகும்போது மேற்கு வலது கைப்பக்கம். தமிழ்நாட்டுக் கடற்கரையின் பெரும்பகுதி பாதைக்கு மேற்கே இருக்கிறது, ஆகவே ‘எஃப்’.

இந்த ஒரு மணி நேரச் சொச்சப் பயணத்தில் வலது ஜன்னல் கொடுப்பது கொஞ்சநஞ்சமில்லை. முதலில் கடற்கரை ஒரு கோடாகக் கூடவே வரும், இடையிடையே ஆறுகள் கடலில் கலக்கிற இடங்களில் பழுப்புத் தண்ணீர் விசிறிபோல விரிந்திருக்கும். அப்புறம் கரை திடீரென்று மேற்கே மடங்கும் இடம் வரும், அதுதான் கோடியக்கரை. அதற்குச் சற்று முன்னால் கட்டம் கட்டமாக வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகத் தெரிவது வேதாரண்யம் உப்பளங்கள். பாத்திகளில் உப்பு எந்த அளவுக்கு விளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம்.

பிறகு பாக் நீரிணை. இங்கேதான் நான் மேலே சொன்ன விஷயத்துக்குச் சரியான உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டுக்கு ஏறக்குறைய அடியிலேயே விழுகிறது. விமானம் கோட்டை ஒட்டிப் பறந்தால் நகரம் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாமல் வயிற்றுக்கு அடியில் நழுவிப் போய்விடும். அதே நேரத்தில், மேற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளிக் கடலுக்குள் தனியாகக் கிடக்கும் நெடுந்தீவு வலது ஜன்னலில் முழுசாகத் தெரியும். இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வடமராட்சியும் ஆனையிறவுப் பக்கத்துக் கடல்நீரேரிகளும் கிடைக்கும். அவர்களும் ஏமாந்தவர்கள் இல்லை, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள் பலர் வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் தெற்கே போனால் வலது பக்கத்தில், தூரத்தில், தனுஷ்கோடி. நிலம் கூர்மையாகி அரிச்சல்முனையில் முடிந்து, அங்கிருந்து மன்னார் தீவு வரைக்கும் மணல் திட்டுகள் கடலுக்குள் வெளிர் பச்சையாக வரிசை கட்டி நிற்கும் இடம்தான் ராமர் பாலம். ஆழமான தண்ணீர் கருநீலம், ஆழம் குறைந்த இடம் வெளிர் பச்சை, தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் மணல் வெள்ளை. தரையில் நின்று பார்த்தால் கடலாக மட்டும் தெரிகிற ஒன்றின் உருவம் இங்கிருந்துதான் புரிகிறது. தனுஷ்கோடி பாதையிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, எனவே வானம் தெளிவாக இருந்தால்தான் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபிறகு வாய்ப்பு அதிகம்.

கொழும்பிலிருந்து திரும்பும்போது இதெல்லாம் அப்படியே ‘ஏ’ பக்கத்துக்கு மாறிவிடும்.

வெயில் எந்தப் பக்கம்

சரியான பக்கம் உட்கார்ந்தும் ஒன்றுமே தெரியவில்லை, வெளியே ஒரே வெள்ளையாக இருந்தது என்று சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் அவர்கள் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். காற்றில் எப்போதும் தூசி, புகை, ஈரத்துளிகள் மிதந்துகொண்டே இருக்கும். அவற்றின் மேல் பட்ட வெளிச்சம் பல திசைகளில் தெறிப்பதை ஒளிச்சிதறல் என்கிறோம். இந்தத் துகள்கள் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிப்பதில்லை, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கித்தான் அதிகம் தள்ளுகின்றன. அதனால் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் அந்த வெளிச்சம் முழுவதும் நம் கண்ணுக்குள் வருகிறது, தரை வெளுத்துப்போகிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தால் அதே காற்று தெளிவாகத் தெரிகிறது, வயலின் பச்சையும் மண்ணின் சிவப்பும் அப்படியே கிடைக்கின்றன. போதாததற்கு ஜன்னலின் பிளாஸ்டிக்கில் இருக்கிற கீறல்களும் வெயில் நேராகப் பட்டால் பளபளவென்று எரியும்.

ஆகவே காலையில் கிழக்குப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும், மாலையில் மேற்குப் பக்கத்தை. சென்னை–கொழும்பு காலை விமானத்தில் சூரியன் இடது பக்கம் இருக்கும், நாம் பார்க்க விரும்பும் கரை வலது பக்கம், இரண்டும் ஒத்துப்போகிறது. அதே விமானம் மாலை நான்கு, ஐந்து மணிக்கு என்றால் ‘எஃப்’ பக்கம் கடல் முழுக்கக் கண்ணைக் கூசும். அப்போது காட்சியா வெளிச்சமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். நானாக இருந்தால் அப்போதும் ‘எஃப்’தான், ஏனென்றால் மினுங்குகிற கடலில் தீவுகள் கறுப்பு வடிவங்களாக எழுந்து நிற்பதும் பார்க்க வேண்டிய காட்சி.

சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இன்னொரு பரிசும் உண்டு. கீழே மேகப்பரப்பு இருந்தால் அதன் மேல் விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி வானவில் நிறத்தில் சின்ன வட்டம் ஒன்று கூடவே ஓடி வரும். மேகத்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாவது அது. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கவே முடியாது.

இதுவரை சொன்னது: பாதையை வைத்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அந்த நேரத்தில் சூரியன் எங்கே என்று சரிபாருங்கள். இரண்டும் முட்டிக்கொண்டால், முடிந்தால் விமானத்தின் நேரத்தை மாற்றுங்கள்.

வரிசை எண்: இறக்கையும் எஞ்சினும்

ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் இறக்கை உடலின் அடிப்பகுதியோடு இணைந்திருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே. நடு வரிசைகளில் உட்கார்ந்தால் தரை இருக்க வேண்டிய இடம் முழுக்க இறக்கைதான். எங்கே இறக்கை என்று கண்டுபிடிக்க எளிய வழி, சீட் படத்தில் நடுவில் குறித்திருக்கும் அவசர வழியைப் பார்ப்பது. அது இறக்கையின் மேலேதான் திறக்கும். அதற்கு முன்னால் நான்கைந்து வரிசை, பின்னால் ஆறேழு வரிசை, இவற்றை விட்டுவிடுங்கள்.

முன்னாலா பின்னாலா என்று கேட்டால் முன்னால்தான். இறக்கை நேராக நீட்டிக்கொண்டிருக்காமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, எனவே முன் வரிசையில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் எதுவும் மறைக்காது, பின் வரிசையில் இருப்பவருக்கோ இறக்கையின் நுனி குறுக்கே வந்து நிற்கும். அதோடு எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று பின்பக்கம்தான் போகிறது, தரையில் இருப்பவை அதன் வழியே பார்க்கும்போது கானல்போல நெளியும். போட்டோ எடுப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. முன் வரிசைக்குக் கட்டணம் அதிகம் என்றால் கடைசி ஐந்தாறு வரிசை பரவாயில்லை, நடுவை விட அது எவ்வளவோ மேல்.

சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானங்கள் வேறு மாதிரி. விசிறி வைத்த இந்தச் சின்ன விமானங்களில் இறக்கை கூரைமேல் இருக்கிறது, அதனால் அடியில் பார்வை திறந்தே இருக்கும். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் ஏரிக்கரையும் பனைவரிசையும் கூடத் தனித்தனியாகத் தெரியும். முன்பாதியில் மட்டும் விசிறியும் எஞ்சினும் மறைக்கும், பின்பாதியில் உட்காருங்கள். ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விமானம் கிடையாது என்பது என் கருத்து. தூத்துக்குடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கடற்கரை இடது பக்கம்.

ஜன்னல் சீட்டில் ஜன்னல் இல்லாமல் போவது ஏன்

காசு கொடுத்து ஜன்னல் சீட் வாங்கி, போய் உட்கார்ந்தால் தோளுக்குப் பக்கத்தில் வெறும் சுவர், ஜன்னல் முன்சீட்காரர் பக்கம் பாதி, பின்சீட்காரர் பக்கம் பாதி. இதை ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். காரணம் எளியது. விமானத்தின் உடலைத் தாங்கும் வளையச் சட்டங்களுக்கு நடுவில்தான் ஜன்னல் வைக்க முடியும். ஏர்பஸ் 320-ல் இந்தச் சட்டங்களின் இடைவெளி சுமார் 53 சென்டிமீட்டர், விமானம் செய்யும்போதே முடிவாகிவிட்டது. ஒரு சீட்டுக்கும் அடுத்த வரிசைச் சீட்டுக்கும் உள்ள இடைவெளியை, அதாவது சீட் பிட்ச்சை, விமான நிறுவனம் தன் இஷ்டப்படி வைக்கிறது, சிக்கன வகுப்பில் அது பெரும்பாலும் 71 முதல் 79 சென்டிமீட்டர் வரை. 53-ம் 75-ம் ஒன்றோடொன்று பொருந்தாது இல்லையா, அதனால் ஒரு வரிசைக்கு ஜன்னல் கண்ணுக்கு நேரே வரும், அடுத்ததற்கு விலகிப்போகும், இன்னொன்றுக்கு ஒன்றரை ஜன்னல் கிடைக்கும்.

போயிங் 737-ல் இன்னொரு சங்கதி. இறக்கைக்குச் சற்று முன்னால், குறிப்பாக இடது பக்கம், ஏசி காற்றை அடியிலிருந்து கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் சுவருக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது. ஸ்பைஸ்ஜெட், ஆகாசா மாதிரி 737 ஓட்டும் நிறுவனங்களில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள வரிசைகளில் ‘ஏ’ எடுக்கும் முன் அந்த விமானத்தின் உட்புறப் படங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இறங்கும்போது பக்கத்தைக் காற்று தீர்மானிக்கும்

ஊரைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அப்போதுதான் தரையில் ஓடும் வேகம் குறையும். ஆகவே எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓடுபாதைக்கு எண் வைப்பதும் திசையை வைத்துத்தான், காம்பஸ் டிகிரியைப் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்கிக் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் அதுதான் எண். சென்னையின் முக்கிய ஓடுபாதை 07/25. கிழக்கு நோக்கி 70 டிகிரியில் இறங்கினால் 07, மேற்கு நோக்கி 250 டிகிரியில் இறங்கினால் 25.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கடற்காற்று திரும்பாத நேரமாக இருந்தால், கடலிலிருந்து ஊருக்குள் வந்து 25-ல் இறங்கும். அப்போது வலது ஜன்னலில் மெரினா, கலங்கரை விளக்கம், கடைசியில் வெகு கிட்டத்தில் பரங்கிமலை. இடது ஜன்னலில் அடையாறு முகத்துவாரம், பெசன்ட் நகர்க் கரை, கட்டடங்களுக்கு நடுவில் அடர்பச்சையாகக் கிண்டி காடு. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வந்து 07-ல் இறங்கும், இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. மழை ஓய்ந்தபிறகு அந்த ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மலை பார்க்கப் போகிறவர்களுக்கு

தில்லியிலிருந்து காட்மாண்டு, டார்ஜிலிங் பக்கத்து பாக்டோக்ரா, குவாஹாட்டி, எங்கே போனாலும் மலை வடக்கே, அதாவது இடது பக்கம். திரும்பும்போது வலது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கே பார்க்கும் நமக்கு முதுகுப்பக்கம் வெயில், பனியில் நேர் வெளிச்சம். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர்தான் இதற்கு ஏற்ற மாதங்கள்.

காட்மாண்டு போகிறவர்கள் எல்லோரும் எவரெஸ்ட்டைத் தேடுகிறார்கள். அது காட்மாண்டுக்கும் கிழக்கே 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தில்லியிலிருந்து வரும்போது ஜன்னலுக்கு நேராக வருபவை தவளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனாஸ்லு (8,163). எவரெஸ்ட்டுக்கு (8,849) நேர் எதிரே போவது பாக்டோக்ரா விமானம், அதே பயணத்தில் கஞ்சன்ஜங்காவும் (8,586) கிடைக்கும். தில்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் விமானம் மலைகளைக் குறுக்கே வெட்டி வடக்கே போவதால் இரண்டு பக்கமும் பனிதான். ஆனால் அவை பெரும்பாலும் காலை விமானங்கள், வெயில் கிழக்கே, அதனால் இடது பக்கம் எடுத்தால் நுன் (7,135), குன் (7,077) சிகரங்கள் தெளிவாகத் தெரியும்.

மலை பார்க்கும்போது இறக்கை வரிசை அவ்வளவு கெடுதல் செய்யாது. சிகரங்கள் விமானத்தின் உயரத்தை நெருங்கி நிற்பதால் கீழே குனிந்து பார்க்க வேண்டியதில்லை, தொடுவானத்தை ஒட்டி, இறக்கைக்கு மேலேயே தெரியும்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். போலராய்டு கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், ஜன்னல் பிளாஸ்டிக்கின் வழியே அது வானவில் கறைகளைக் காட்டும். போனில் ஆஃப்லைன் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் வேலை மட்டும்தான், ஃபிளைட் மோடிலும் பல போன்களில் அது ஓடும். போனை ஜன்னலை ஒட்டி வைத்து ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் நீலப்புள்ளி வந்துவிடும், கீழே தெரிகிற ஆறு கொள்ளிடமா வெள்ளாறா என்று பக்கத்து சீட்காரரோடு வாதாட வேண்டியதில்லை.